மானிப்பாய் வைத்தியரும் அவர் மாணவர் நால்வரும்

விருத்தாசலத்துக்குப் பெயர்கள் இரண்டு. மூவர் முதலிகளும் பாடியது திருமுதுகுன்றத்தை. இன்று புகைவண்டி நிலையப் பலகையில் உள்ளது விருத்தாசலம். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. யாரோ ஒருவர் தமிழ்ப் பெயரை வடமொழியில் பெயர்த்துவைக்க, பெயர்ப்பு நிலைத்துப் போயிற்று. பழமலை என்ற மூன்றாவது பெயரோ பழமலைநாதர் என்று இறைவன் திருப்பெயரில் ஒண்டிக்கொண்டு உயிர் வாழ்கிறது. மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவோருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் நடுநாட்டில் வேறொன்று இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இவ்வூரைப் பீங்கான் நகரம் என்றும் சொல்வதுண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேற்படிவாகக் கிடைக்கும் வெண்களிமண் அருகிலேயே இருப்பதால் இங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனமும் அமைந்தன. மின்கம்பத்து இன்சுலேட்டரும், பியூஸ் கட்டையும், கொலுப் பொம்மையும் இங்குள்ள சூளைகளிலிருந்து போகின்றன. மண்ணை அரைத்துச் சலித்துக் காயவைக்கும் இடங்களில் எழும் தூசில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள், ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உட்சென்றால் நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். காசநோய் பற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் பெருக்கும். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குத் திருப்ப மருந்து கிடையாது. வருமுன் காப்பது ஒன்றே வழி: மண்ணை ஈரமாக வைத்து வேலை செய்வது, தூசை உறிஞ்சி வெளியேற்றுவது, தக்க முகமூடி அணிவது. மருத்துவ நூல்கள் இந்நோயைச் சிலிக்கோசிஸ் என்கின்றன. சலிப்பு மேடையில் நிற்கும் ஒருவருக்கு அச்சொல் எதைச் சொல்லும்? 'மண்தூசு நெஞ்சில் கட்டிக்கொள்ளும்' என்று சொன்னால் மறுநாளே துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வார். துண்டு போதாது என்பதையும் அதே மொழியில்தான் சொல்லியாக வேண்டும்.

மக்கள் நலவாழ்வுக்கென நடக்கும் தொண்டு நிறுவனங்களின் ஆண்டு விழாக்களை நாம் எல்லா ஊரிலும் கண்டிருக்கிறோம். அழைப்பிதழ் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். மேடையில் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு. நிலம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர், தலைமை மருத்துவர் என்று வரிசையாகப் பாராட்டு நடக்கும். மருத்துவர் சொன்னதை நோயாளிக்குப் புரியும்படியும், நோயாளி சொன்னதை மருத்துவருக்குப் புரியும்படியும் நாள்தோறும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பார். இந்த மூன்றாம் மனிதரின் வரலாற்றைத் தேடித்தான் நாங்கள் யாழ்ப்பாணம் வரை போக நேர்ந்தது. திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தவர் சுந்தரர். ஆகவே இவ்வூர்க்காரர்கள் எங்களைக் குறைசொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 அக்டோபர் 10 அன்று பிறந்தார். அவருடைய தமையன் ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ் பெற்றவர். தம்பி 1845 இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பின்னர் மானிப்பாய். 1848 இல் மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கிவிட்டார். கோதாரி என்று யாழ்ப்பாணத்தார் அழைத்த வாந்திபேதி அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. ஒரே ஒரு வெள்ளைக்கார வைத்தியர் எத்தனை வாசல் ஏறி இறங்க முடியும்?

முதல் மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்தவர்கள். வட்டுக்கோட்டை செமினரி என்னும் உயர்கல்விக்கூடம் 1823 முதல் ஆங்கிலம் பயிற்றி வந்தது. அங்கிருந்து வந்தோருக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் தடையாக இல்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். உத்தியோகம் தெற்கே கொழும்புப் பக்கம் இருந்தது. உடையும் நடையும் மாறி, பிறந்த ஊருக்கு விருந்தாளி போல் வந்து போகும் வைத்தியரால் ஊருக்கு என்ன பயன் என்று கிறீன் கேட்டார். செமினரி 1855 இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு, தாய்மொழிக் கல்விக்கே முதலிடம் என்று வற்புறுத்தியதே அதற்குக் காரணம். அந்த முடிவை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. ஆங்கிலம் சோறு போடும் மொழி. அதைப் பறிக்கிறார்களே என்ற அவர்களது மனக்குறையில் நியாயம் உண்டு. தமிழ்ப் பற்றின் பெயரால் இதை நாம் மறைத்துச் சொல்லலாகாது. தமிழில் மருத்துவம் வேண்டும் என்று சொன்னவர் வேற்று நாட்டவர். ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டவர்கள் தமிழர்கள்.

1857 வாக்கில் தாயகம் சென்ற கிறீன் 1862 இல் திரும்பி வந்தார். 1864 இல் தமிழிலேயே மருத்துவ வகுப்புத் தொடங்கியது. 1873 இல் அவர் இலங்கையை விட்டுப் போகும்போது, இரு மொழியிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கியிருந்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்கள்.

வகுப்புக்கு நூல் வேண்டுமே! இங்கேதான் அவர் செய்த வேலையின் பருமன் நமக்குத் தெரிகிறது. கட்டரின் உடல்நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரிலும், மான்செலின் மகப்பேற்று நூல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரிலும் 1850களிலேயே வந்துவிட்டன. துருவிட்டின் அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' என 1867 இல் வெளிவந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாத'மாகவும், ஹூப்பரின் மருத்துவக் கையேடு 'வைத்தியாகர'மாகவும் 1872 இல் தமிழாயின. வெல்சின் வேதியியல் 'கெமிஸ்தம்' என 1875 இல் வந்தது. டால்ட்டனின் உடலியங்கியல் 'மனுஷ சுகரணம்' 1883 இல். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். கிரேயின் ஆங்கில மூலம் 1858 இல்தான் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசத் தொடங்கியது.

சொல்லாக்கத்தில் அவர் பின்பற்றிய முறை எளிமையானது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவது. இல்லையெனில் வடமொழியில் தேடுவது. அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய மாற்றிக்கொள்வது. 'கெமிஸ்தம்' மூன்றாம் வழியில் வந்த சொல். இன்று வேதியியல் என்கிறோம். இடையில் இரசாயனம் என்றோம். 'அங்காதிபாதம்' நம் காதுக்கு ஏதோ பிரபந்த வகையின் பெயர் போல ஒலிக்கிறது. பாதாதிகேசம் பாடிய மரபுக்கு அது அப்போது அந்நியமாக இருந்திராது. 'இரண வைத்தியம்' மட்டும் இன்றும் தூசு தட்டாமலே எடுத்தாளத்தக்க சொல். புண்ணை ரணம் என்று சொல்லாத ஊர் ஏது? நூல்களோடு நில்லாமல், துறைவாரியாக ஆங்கிலம் – தமிழ் அருஞ்சொற்பட்டியல்களையும் 1870களில் அச்சிட்டார்கள். இரு மொழி அறிந்த மருத்துவர் கையில் வைத்துக்கொள்ளத்தக்க கருவி அது.

'அச்சிட்டார்கள்' என்று பன்மையில் எழுதியது கைப்பிழை அன்று. நூல்களின் பெருமை கிறீனுக்கே போகிறது. ஆனால் தமிழாக்கத்தின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அவரிடம் பயின்ற மாணவர்கள். டான்வர்த், சாப்மன், பால், சுவாமிநாதன் என நான்கு பெயர்கள் முதன்மையாகத் தெரிகின்றன. அவர்கள் வரைந்ததை ஆசிரியர் திருத்தினார். டான்வர்த்தும் சாப்மனும் அமெரிக்கர்கள் என்று எண்ணிவிட வேண்டாம், இருவரும் தமிழர்களே. மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. சாப்மனின் பிறந்த பெயர் வைத்திலிங்கம். வைத்தியத்துக்கு உரிய நாதரின் பெயரை இயல்பாகவே கொண்டிருந்த ஒருவர், வைத்திய நூலின் வரலாற்றில் சாப்மனாக நிற்கிறார். திருமுதுகுன்றம் விருத்தாசலமானது போலத்தான். ஆனால் ஊர்ப்பெயரின் பெயர்ப்பில் பொருளாவது மிஞ்சியது. இங்கே அதுவும் மிஞ்சவில்லை.

ஒரு கிளைக்கதை. கிரேயின் ஆங்கில நூலில் உள்ள படங்களையெல்லாம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் தம் பெயருக்கு நிகரான அளவில் இருப்பதைக் கிரே விரும்பாமல், எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார். நூல் கடைக்கு வருமுன்பே கார்ட்டர் கப்பலேறி இந்தியா வந்துவிட்டார். பம்பாயில் மருத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டு, மதுரைப் பாதம் என்று அழைக்கப்பட்ட நோயை ஆராய்ந்து அதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டவரும் அவரே. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் ஏழை உழவரின் காலைத் தின்னும் நோய் அது. கிரே 1861 இல் பெரியம்மை கண்டு முப்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். நூலை உலகம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறது.

கிறீனின் நோக்கம் மருத்துவம் மட்டுமன்று; கிறித்தவத்தைப் பரப்புவதும்தான். அதை அவர் ஒளித்ததுமில்லை. இங்கே இன்னொருவரை நினைக்காமல் இருக்க இயலாது. நல்லூர் ஆறுமுக நாவலரும் 1822 இல் பிறந்தவரே. கிறீன் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அதே 1848 இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறீன் தமிழ் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய 1864 இல், நாவலரின் வித்தியாசாலை சிதம்பரத்தில், அதாவது விருத்தாசலத்துக்கு அண்டையிலேயே, எழுந்தது. மதத்தால் எதிரெதிர் நின்ற இருவருக்கும் கருவி ஒன்று: எல்லோருக்கும் விளங்கும் தமிழ் உரைநடையும் அச்சு இயந்திரமும். நாவலரைத் தமிழ் இலக்கிய வரலாறு உரைநடையின் தந்தையருள் ஒருவராகப் போற்றுகிறது. அதே ஆண்டுகளில் நாலாயிரம் பக்க அறிவியல் உரைநடை எழுதிய மானிப்பாய்க்காரர்களுக்கு அவ்வரலாற்று நூல்களில் கிடைப்பது, கிடைத்தால், ஒரு பத்தி. ஈழத்துக் கவிஞர் அம்பி 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்ற நூலை 1967 இல் எழுதியிராவிட்டால் அந்தப் பத்தியும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு நேரடியாக ஓடி வரும் நூல் ஒன்றும் உண்டு. கிறீனுக்கு முன்னோடியாகப் பண்டத்தரிப்பில் 1820 முதல் வைத்தியம் பார்த்தவர் ஜான் ஸ்கடர். 1836 இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன் வழிப் பேத்திதான் ஐடா ஸ்கடர். விருத்தாசலம் அன்று இருந்த அதே தென்னார்க்காட்டு மாவட்டத்தின் திண்டிவனத்தில், ஆண் வைத்தியரைப் பிரசவத்துக்கு அனுமதியாத மூன்று குடும்பங்களின் பெண்கள் ஒரே இரவில் இறந்ததைக் கண்டதே தம்மை மருத்துவராக்கியது என்று ஐடா சொல்லியிருக்கிறார். வேலூரில் 1902 இல் அவர் மருத்துவமனை கட்டினார். 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளியிலும் ஆங்கிலமே. மானிப்பாயில் கிறீன் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் ஆங்கிலம் என்றான பின், தமிழில் படித்தவருக்கு ஊர்க்காரரின் நன்றியைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டிருந்தது. அவற்றுள் கிரேயின் பெயர் தாங்கிய நூலும் ஒன்று. 'மனுஷ அங்காதிபாதம்' வந்து அப்போது சரியாக 150 ஆண்டு. கிறீன் பிறந்து 200 ஆண்டு. புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறோம். மானிப்பாய்ப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியையும் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மருத்துவரிடம் பேசும் சொற்கள் இரண்டாவதில்தான் இருக்கின்றன.

மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனை போரில் நலிந்தும் மறையவில்லை. புலம்பெயர்ந்தோர் அதன் மீட்சிக்குக் கைகொடுத்துள்ளனர். கிறீன் ஊர் திரும்பிய பின்பும் தமிழ்க் கைப்படிகளைத் திருத்திக்கொண்டே இருந்து, 1884 இல் காலமானார். வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் அவர் நடுகல்லில் பெயரும் ஆண்டுகளும் பொறித்து, 'தமிழர்க்கான மருத்துவ ஊழியர்' என்னும் பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு நினைவுப் பலகை செய்யும் விருத்தாசலத்து நண்பர்கள், இவ்வூர்ப் பீங்கானிலேயே ஒன்று செய்து, அதில் வைத்திலிங்கம் என்ற பெயரை எழுதலாம். சூளையில் சுட்ட எழுத்து எளிதில் அழியாது.