லீட்ஸில் பிறந்து கன்னியாகுமரி வரை வந்த எஞ்சின்

2019-ம் வருடத் தொடக்கத்தில் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஒரு நீராவி ரயில் ஓடியது. அந்த பிப்ரவரியிலேயே அதே எஞ்சின் எர்ணாகுளத்திலிருந்து கொச்சி துறைமுக நிலையம் வரையும் ஓடியது. இரண்டுமே திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துப் பாதைகள். எஞ்சினுக்கு அப்போது வயது 164. திருவனந்தபுரத்துக்கு ரயிலே வராத காலத்தில், இன்னும் சொல்லப்போனால் மதராஸ் ராஜதானியிலேயே ரயில் ஓடாத காலத்தில், பிறந்தது அது.

அதன் பெயர் ஈ.ஐ.ஆர். 21. ஈஸ்ட் இண்டியன் ரயில்வேயின் 21-ம் நம்பர் எஞ்சின் என்று அர்த்தம். 1855-ல் கிட்ஸன், தாம்ஸன் அண்ட் ஹெவிட்ஸன் என்ற கம்பெனி செய்தது. எங்கே செய்தது என்று கேளுங்கள். இங்கேதான், நான் பிழைப்புக்காக வந்து உட்கார்ந்திருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், ஹன்ஸ்லெட் பகுதியில். வேலைக்காக நான் கிழக்கிலிருந்து மேற்கே வந்தேன். அது வேலைக்காக மேற்கிலிருந்து கிழக்கே போனது. இந்த ஒரு சொந்தத்தால்தான் இந்தக் கட்டுரை :)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஈ.ஐ.ஆர். 21-க்கு ஒரு சகோதரி உண்டு. ஈ.ஐ.ஆர். 22, ஊரறிந்த பெயர் ஃபேரி குவீன். அதே கம்பெனி, அதே வருடம். இரண்டும் கல்கத்தா போய் இறங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்து, 1909-ல் ஓய்வு பெற்றன. ஃபேரி குவீனை 1997-ல் மறுபடி ஓட விட்டார்கள், டில்லிக்கும் ஆல்வாருக்கும் நடுவே. வழக்கமான சேவையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998-ல் கின்னஸ் சான்றிதழும் வந்தது. இவர்களில் யார் அக்கா, யார் தங்கை என்ற பஞ்சாயத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

நம்ம 21-க்கு அந்த அதிர்ஷ்டம் தாமதமாகத்தான் வந்தது. ஜமால்பூர் பட்டறையிலும் ஹௌராவிலுமாக நூறு வருடம் காட்சிப் பொருளாக நின்றது. நூறு வருடம் வெயிலையும் மழையையும் வங்காளத்துக் காற்றையும் வாங்கிய இரும்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல பாகங்கள் காணாமலே போயிருந்தன. அந்த நிலையில்தான் சென்னை பெரம்பூர் லோகோ பட்டறைக்கு வந்தது. நூற்றைம்பது வயது எஞ்சினுக்கு எந்தக் கடையில் உதிரிபாகம் வாங்குவது? அளவெடுத்து, வார்த்து, கடைந்து, பட்டறையிலேயே செய்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புகை விட்டுக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எழும்பூர் - கோடம்பாக்கம் பாதையிலும் ஓட்டினார்கள்.

இங்கே வழக்கமாக ஒரு கேள்வி வரும். பாதி பாகங்களைப் புதிதாகச் செய்துவிட்டு, பிரேக்கையும் இந்தக் காலத்துக்குத் தக்கபடி மாற்றிவிட்டு, இதை 1855 எஞ்சின் என்று சொல்லலாமா?

எனக்கு இதில் குழப்பமே இல்லை. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். போன நூற்றாண்டில், 1920-களில், தீயில் எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள். பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது தியாகராஜர் தேர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? வடம் பிடித்து இழுக்கிற வரைக்கும் அது தேர். இழுக்கிற வழக்கம் நின்று தகரக் கொட்டகைக்குள் நின்றால், நூறு சதவீதம் பழைய மரமாகவே இருந்தாலும், அது மரச் சாமான்.

எஞ்சினும் அப்படித்தான். இரும்பு மாறலாம். அதை ஓட்டத் தெரிந்த கை இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் தொழில் பேசுவோம். டீசல் எஞ்சின் மாதிரி நீராவி எஞ்சினைச் சாவி போட்டுக் கிளப்ப முடியாது. ஆறிப்போன பாய்லரில் தண்ணீர் நிரப்பி, கரியும் விறகும் போட்டு, நெருப்பை மெதுவாக வளர்க்க வேண்டும். மணிக்கணக்காகும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் சூடாகி விரியும், இன்னொரு பக்கம் குளிர்ந்தே இருக்கும். இணைப்புகள் கசியும், தகடு வெடிக்கும். அடுப்பின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது குறைந்தால் தகடு சூட்டில் இளகி, பாய்லரே வெடித்துவிடும். அதற்காகத்தான் அந்தத் தகட்டில் ஈயம் வைத்து அடைத்த ஒரு திருகாணி இருக்கும். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகும், அந்த ஓட்டை வழியாக நீராவி பீய்ச்சி எச்சரிக்கும். அந்த நிலை வரை விட்ட ஃபயர்மேன் பிறகு சக ஊழியர்களின் முகத்தில் விழிப்பது கஷ்டம்.

அப்புறம் உப்பு. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பாய்லருக்குள்ளும் படியும். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். கரியை எந்த மூலையில் எவ்வளவு போடுவது, ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் நெருப்பைத் தயார் செய்வது, புகையின் நிறத்தைப் பார்த்து காற்றைக் கூட்டுவதா குறைப்பதா, இதையெல்லாம் எழுதி வைக்கலாம். ஆனால் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். சமையல் மாதிரி.

அதனால்தான் அந்தக் காலத்து ரயில்வேயில் ஒரு ஏணி இருந்தது. முதலில் கிளீனர். எண்ணெய்த் துணியோடு எஞ்சினைத் துடைத்துத் துடைத்தே எந்த பாகம் எங்கே இருக்கிறது என்று கை கற்றுக்கொள்ளும். பிறகு ஃபயர்மேன். பல வருடம் கரி அள்ளிய பிறகு டிரைவர். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் திட்டு வாங்கித்தான் மேலே ஏறினார்கள்.

இந்த ஏணி இந்தியாவில் 1990-களில் முறிந்தது. அகலப்பாதைக்கான கடைசி நீராவி எஞ்சின் 'அந்திம் சிதாரா' சித்தரஞ்சனில் 1970-லேயே செய்யப்பட்டுவிட்டது. அகலப்பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் 1995 டிசம்பரோடு முடிந்தன. மீட்டர்கேஜில் இன்னும் சில வருடங்கள் தாக்குப்பிடித்தன, அவ்வளவே. இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1990-ல் இருபது வயதில் கரி அள்ளச் சேர்ந்த ஒருவர் 2030-ல் அறுபது வயதாகி ஓய்வு பெறுவார். அந்த வழக்கமான சேவையில் தொழில் கற்றவர்களின் கடைசி வரிசை அநேகமாக அவரோடு முடிகிறது. பெரம்பூரில் 2010-ல் எஞ்சினை எழுப்பியபோது இப்படிப்பட்ட அனுபவஸ்தர்கள் பணியில் இருந்த காலம். அடுத்த முறை எழுப்ப வேண்டி வந்தால்?

எங்கள் ஊருக்கு இது புதுக் கதை இல்லை. திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்ததே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித்தான். 1904-ல் செங்கோட்டை - புனலூர் - கொல்லம் மீட்டர்கேஜ் பாதை. மலைப்பாதை முடியும் முன்பே கொல்லத்துக்கு எஞ்சின் வேண்டியிருந்ததால் அதைக் கழற்றிக் கடல் வழியாகக் கொண்டுவந்து, மாட்டு வண்டியில் ஏற்றிப் போய் மாட்டினார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1918-ல் அந்தப் பாதை திருவனந்தபுரத்தைத் தொட்டது. 1931-ல் தம்பானூரில் இப்போதிருக்கும் கல் கட்டடத்து நிலையம் வந்தது.

வலியசாலை, கரமனைத் தமிழர்களுக்கு அதுதான் நெல்லைச் சீமைக்குப் போகும் ரயில். கல்யாணம், கோயில் கொடை, பெண் பார்க்கும் படலம் எல்லாம் அந்த மீட்டர்கேஜில்தான். ஆரியங்காவு குகைக்குள் நுழையும் முன் ஜன்னலைச் சாத்தாவிட்டால் வேட்டி கறுத்துவிடும் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கழுதுருட்டியின் பதிமூணு கண்ணறைப் பாலம் இன்னும் நிற்கிறது. பாதை 2010-ல் மூடப்பட்டு அகலப்பாதையாகி 2018-ல் திரும்பத் திறந்தது. நல்ல விஷயம்தான், ஊருக்குப் பெரிய ரயில் வேண்டும். ஆனால் பெரம்பூரில் ஒரு நீராவி எஞ்சினை உயிர்ப்பித்த அதே வருடத்தில், எங்கள் மலையில் அந்தக் கேஜே போனது. அந்த மலையேற்றத்தில் கரி போட்டவர்களின் கைத்தொழிலை அடுத்தவருக்குக் கொடுக்க அங்கே ஓர் எஞ்சின்கூட மிஞ்சவில்லை.

லீட்ஸிலும் கிட்ஸன் கம்பெனி 1938-ல் மறைந்துவிட்டது. ஆனால் அதே ஹன்ஸ்லெட்டில் மிடில்டன் ரயில்வே என்று ஒன்று இருக்கிறது. 1758-ல் பார்லிமெண்ட் சட்டத்தோடு அமைந்த கரிப் பாதை. 1812-லேயே நீராவி எஞ்சின் ஓடிய இடம். மூடும் நிலைக்கு வந்தபோது, 1960-ல், லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் முன்கையெடுத்துத் தொண்டர்களை வைத்தே ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் தொண்டர்கள்தான். இந்த மாதிரி ரயில்வேக்களில் பள்ளிக்கூடப் பையன்கள் கிளீனராக வருவார்கள், பிறகு ஃபயர்மேன், பிறகு டிரைவர். அதே ஏணி. சம்பளம் மட்டும் கிடையாது. இவர்களுக்கும் கவலை இருக்கிறது. வேல்ஸில் இருந்த பெரிய கரிச் சுரங்கம் 2023-ல் மூடியபின் கரியையே வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கரியை இறக்குமதி செய்யலாம், ஃபயர்மேனை இறக்குமதி செய்ய முடியாது என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பட்டறையில் புத்தம்புதிய நீராவி எஞ்சின்கள் செய்கிறார்கள். 2021-ல் கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வந்தது. வடக்கே ரேவாரியில் நீராவி ஷெட்டே இருக்கிறது. தினமும் வேலை இருக்கும் இடத்தில் தொழில் தங்குகிறது. விசேஷத்துக்கு மட்டும் எஞ்சினை எழுப்பினால் தங்காது. 2023-ல் தெற்கு ரயில்வே நீராவி எஞ்சின் முகம் வைத்த மின்சார ரயில் ஒன்றைச் செய்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் துடைத்து யாரும் ஃபயர்மேன் ஆக முடியாது.

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. ஈ.ஐ.ஆர். 21 எங்கே ஓடினாலும், நெருப்பு மூட்டும் நேரத்திலிருந்து சாம்பல் தட்டும் நேரம் வரை நாலு இளைஞர்கள் கூட நிற்கட்டும். செல்ஃபி எடுக்க இல்லை, மண்வெட்டி பிடிக்க. திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரிப் பையன்களும் பெண்களும் வரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?

அதுவரைக்கும் உங்களால் ஆனது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய லோகோ ஷெட்காரர் யாராவது இருந்தால், அடுத்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து, நெருப்பு எப்படி மூட்டுவீர்கள் தாத்தா என்று கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். கதையாக வேண்டாம், வேலையாகக் கேளுங்கள். எந்த மூலையில் எத்தனை மண்வெட்டி கரி என்று.