கோர்படி வேலியும் போக்கர் மேசையும்: 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு கேள்விகள்

புனே கன்டோன்மென்டின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது கோர்படி. ஒரு பக்கம் ரயில்வே இருப்புப்பாதைகள், இன்னொரு பக்கம் எம்ப்ரஸ் தோட்டம், அதையொட்டிப் படைத்துறைக்குச் சொந்தமான நிலத்தில் குதிரைப் பந்தயத் திடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயப் படையினர் அமைத்த திடல் அது. பம்பாயில் மழை கொட்டும் மாதங்களில், அதாவது ஜூலை முதல் அக்டோபர் வரை, ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் இங்கேதான் பந்தயம் நடத்துகிறது. அந்த வேலிக்குள் ஒருவர் ஆயிரம் ரூபாயைக் குதிரையின் மீது கட்டினால் அது சட்டப்படியான செயல். வேலிக்கு வெளியே, தெருவோர மரநிழலில் நான்கு பேர் பத்துப் பத்து ரூபாய் வைத்துச் சீட்டுப் போட்டால், ஆணை எதுவும் இல்லாமலே காவலர் அவர்களைக் கைது செய்யலாம். இரண்டையும் ஆள்வது ஒரே சட்டம்: 1887ஆம் ஆண்டின் பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டம்.

சூதாட்டச் சட்ட வரலாறு எழுதும் நம் மாணவர்கள் பெரும்பாலும் 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தில் தொடங்குகிறார்கள், அதையே முழு இந்தியாவுக்குமான சட்டம் என்றும் கொள்கிறார்கள். அச்சட்டம் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவுத், மத்திய மாகாணங்கள், பிரிட்டிஷ் பர்மா ஆகியவற்றுக்காக இயற்றப்பட்டது. பம்பாய்க்கும் சென்னைக்கும் தனிச் சட்டங்கள் இருந்தன. சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். மாகாணத்தின் பிற பகுதிகளுக்குப் பின்னர் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். ஆகவே புனேயில் போக்கர் ஆடலாமா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் 1867ஐ மூடி வைத்துவிட்டு 1887ஐத் திறக்க வேண்டும்.

திறந்தால் வியப்புத்தான். அதன் இன்றைய வடிவில், 'பொதுச் சூதாட்ட விடுதி' என்பதன் வரையறை இரண்டாகப் பிரிகிறது. பருத்தி, அபின் முதலிய பண்டங்களின் சந்தை விலை, அந்த விலையைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்கள், பங்குகளின் விலை, மழை பெய்யுமா பெய்யாதா என்பது, பெய்த மழையின் அளவு ஆகியவற்றின் மீது பந்தயம் நடக்கும் எந்த இடமும் பொதுச் சூதாட்ட விடுதியே. மழையின் மீதே பணம் கட்டிய ஒரு நகரத்தின் சுவடு இந்தப் பட்டியலில் உறைந்து கிடக்கிறது. பிற்காலத்து மட்கா, பருத்தி விலை இலக்கத்திலிருந்து கிளைத்ததையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மற்ற எல்லா ஆட்டங்களுக்கும் வரையறை வேறு. சூதுக் கருவிகள் இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தை வைத்திருப்பவரின் இலாபத்துக்காக அவை அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தக் கட்டணம் வாங்கினாலும், இடத்துக்கு வாங்கினாலும், வேறு எவ்வகையில் ஈட்டினாலும் அது இலாபமே.

ஆக, இச்சட்டம் ஓர் ஆட்டத்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதலாவது, இது திறமையா, தற்செயலா? வெறும் திறமையாட்டம் எங்கே ஆடப்பட்டாலும் இச்சட்டம் அதற்குப் பொருந்தாது என்கிறது 13ஆம் பிரிவு. இரண்டாவது, இந்த மேசையிலிருந்து வீட்டுக்காரருக்கு என்ன போகிறது? கடந்த எழுபது ஆண்டுகளில் நம் நீதிமன்றங்களும் ஊடகங்களும் கட்டுரையாளர்களும் பெரும்பாலும் முதல் கேள்வியையே சுற்றி வந்திருக்கிறோம். குறைந்த பணத்துக்கு ஆடும் எளிய மனிதரின் தலைவிதியைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வி என்பதே என் வாதம்.

குதிரைப் பந்தயத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1912இல் பம்பாய் பந்தயத் திடல் உரிமச் சட்டம் வந்தது. அந்த உரிமத்தின்படி ஒதுக்கப்பட்ட அடைப்புக்குள், பந்தயம் நடக்கும் அதே நாளில் கட்டப்படும் பணம் 'சூதாட்டம்' என்ற சொல்லின் வரையறையிலிருந்தே விலக்கப்பட்டது. இதில் திறமை பற்றிய பேச்சே இல்லை. நாள், வேலி, உரிமம், இவை மூன்றுமே அளவுகோல். குதிரைப் பந்தயம் திறமையாட்டம் என்ற நியாயம் மிகப் பிந்தி, 1996இல், அதுவும் ஒரு சென்னை வழக்கில்தான் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 1974இல் பந்தயத்தை ஒழிக்கவும் 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தவும் சட்டங்கள் இயற்றியிருந்தது. கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கில் அவற்றை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை அறிந்து கட்டுவது திறமையே என்றது. சலுகை முதலில் வந்தது. காரணம் 84 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. காலனியச் சட்டங்களைப் படிப்போர்க்கு இந்த வரிசை புதிதன்று.

இனிச் சீட்டு. 1957இல் சமர்பாக்வாலா வழக்கு, பெங்களூரில் அச்சாகிப் பம்பாய் மாநிலத்தில் பரவலாக விற்ற ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டி பற்றியது. சூதாட்டம் வணிகமே அன்று, ஆகவே வணிகம் செய்யும் அடிப்படை உரிமை அதற்கு இல்லை என்று அதில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. திறமை மேலோங்கிய போட்டிக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. அந்தக் கதவின் வழியே முதலில் நுழைந்த சீட்டாட்டம் ரம்மி. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் 1963இல் காவலர் நுழைந்து, ரம்மி ஆடியவர்களையும் மன்றத்தின் பொறுப்பாளர்களையும் பிடித்தனர். சத்தியநாராயணா வழக்கு என்று நாம் அறியும் அதில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று முடிவெடுப்பதும் திறமை என்று 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே மூச்சில், மூன்று சீட்டு ஆட்டம் முழுக்கத் தற்செயல் என்று ஒதுக்கியது.

இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுவோர் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்ப்பின் கணிசமான பகுதி வேறொன்றைப் பற்றியது: அந்த மன்றம் ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுத்த கட்டணம் எப்படிப்பட்டது? சீட்டுக்கட்டும் இடமும் தந்ததற்கான நியாயமான தொகை என்றால் அது இலாபம் ஆகாது. ஆட்டத்திலிருந்தே மன்றம் ஈட்டுகிறது என்றால், ரம்மியானாலும் குற்றம் எழலாம். இரண்டாவது கேள்வி அங்கே உயிரோடு இருந்தது.

மூன்று சீட்டு பற்றி ஓர் இடைக்குறிப்பு. வடக்கே தீன் பத்தி என்றும் நம்மூரில் மூணு சீட்டு என்றும் வழங்கும் அந்த ஆட்டம் ஆங்கிலேயரின் 'பிராக்' ஆட்டத்தின் வழித்தோன்றல் என்பது சீட்டாட்ட வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதே பிராக், போக்கருக்கும் முன்னோர்களில் ஒன்று. மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் வளர்ந்த போக்கரும் இந்தியத் திண்ணைகளில் வளர்ந்த மூணு சீட்டும் ஒருவகையில் பங்காளிகள். ஒன்றைத் திறமை என்றும் மற்றதைக் குருட்டு வாய்ப்பு என்றும் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. பழந்தமிழில் 'வல்' என்ற ஒரே ஒலி சூதாடு கருவிக்கும் வலிமைக்கும் பெயராக நிற்பது தற்செயலான ஒப்பாக இருக்கலாம். ஆனாலும் இப்பொருளைப் படிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

போக்கருக்கு இந்தியாவில் ஒரே விதி இல்லை. 1957ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் பெயர் சொல்லியே விலக்கிவிட்டது. நாகாலாந்து இணையத் திறமையாட்டங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2017 டிசம்பரில் போக்கர் சூதாட்டமே என்றது. இந்தக் கடைசித் தீர்ப்பு கோர்படிக்கு நெருக்கமானது. 1960 வரை குஜராத்தும் பம்பாய் மாநிலமே ஆதலால், அங்கு நடப்பில் உள்ளதும் பெயர் மாறிய அதே 1887ஆம் ஆண்டுச் சட்டம்தான். தமிழ்நாட்டில் இழுபறி வேறு விதம். பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. அடுத்து வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் பொதுவாக ஏற்றாலும், அவ்விரு ஆட்டங்களையும் தற்செயல் ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் அகற்றியது. எல்லாம் முதல் கேள்வியைப் பற்றிய போராட்டமே.

மகாராஷ்டிரத்தில் காசினோ வந்திருக்கக்கூடும். 1976இல் காசினோக்களைக் கட்டுப்படுத்தவும் வரி விதிக்கவும் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை ஒருபோதும் வெளியாகவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது ஏட்டில் உறங்கியது. 2023இல் சட்டமன்றம் அதை நீக்கிவிட்டது. கோவாவோ 1976ஆம் ஆண்டின் தன் சூதாட்டச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டங்களையும், 1996இல் திருத்தி நீர்மேல் மிதக்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களையும் அனுமதித்தது. கோர்படியில் வசிக்கும் ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டுக் காசினோ மேசையில் போக்கர் ஆட வேண்டுமானால், இரவுப் பேருந்தேறி மாண்டோவி ஆற்றுக்குப் போக வேண்டும்.

அங்கே அவர் உட்காரும் மேசை எப்படி இயங்குகிறது? ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டுகள். நடுவில் படிப்படியாகத் திறக்கப்படும் ஐந்து பொதுச் சீட்டுகள். இருவர் சிறிய பிளைண்டு, பெரிய பிளைண்டு என்ற கட்டாயப் பணத்தை முதலில் வைக்க ஆட்டம் தொடங்குகிறது. 'நோ லிமிட்' என்ற பெயர் அச்சுறுத்துவது. பொருள் அவ்வளவு கொடியதன்று. எந்தக் கட்டத்திலும் தம் முன்னால் உள்ள டோக்கன் முழுவதையும் ஒருவர் வைத்துவிடலாம் என்பதே அது. ஒரு கை நடக்கும்போது சட்டைப் பையிலிருந்து மேலும் பணம் எடுக்க முடியாது. அத்தினாபுர அவையில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் தருமன் தம்பியரையும் திரௌபதியையும் வைத்திருக்க இயலாது. பாரதக் கதையே இல்லை.

இழப்புக்கு ஒரு சுவர் இருக்கிறது, சரி. கசிவு எங்கே? ஒரு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பிளைண்டு 50, 100 ரூபாய். ஒன்பது பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாயுடன் அமர்கிறார்கள். மணிக்கு 30 கைகள். நடுவில் சேரும் தொகை சராசரி 1,500 ரூபாய். அதில் நூற்றுக்கு ஐந்து, ஆனால் 500 ரூபாய்க்கு மிகாமல், 'ரேக்' என்று காசினோ எடுக்கிறது. கைக்கு 75, மணிக்கு 2,250. ஆறு மணி நேரத்தில் 13,500 ரூபாய் மேசையை விட்டுப் போய்விடும். ஒருவர் கொண்டுவந்த முழு முதலையும்விட அது அதிகம். யாரும் யாரையும் வெல்லாமல் சமமாக ஆடினாலும், ஆளுக்கு 1,500 ரூபாய் குறைந்திருக்கும்.

அதே விதிகளுடன் 1,000, 2,000 ரூபாய் பிளைண்டு மேசையைப் பாருங்கள். அங்கே சராசரித் தொகை 30,000 ரூபாய் என்றால் ஐந்து விழுக்காடு 1,500 ஆக வேண்டும். உச்சவரம்போ 500இல் நிறுத்திவிடுகிறது. உண்மை விழுக்காடு ஒன்றே முக்காலுக்கும் குறைவு. செல்வர் மேசையில் திறமைக்கு இடம் மிகுதி, எளியோர் மேசையில் குறைவு. ஆட்டம் ஒன்றே, சீட்டும் ஒன்றே. 180 கைகளுக்குள் திறமை தன்னைக் காட்டிக்கொள்ளவே நேரம் போதாது; காட்டத் தொடங்கும்போது ரேக் அதை உறிஞ்சியிருக்கும். போக்கர் திறமையாட்டமா என்று நீதிமன்றத்தில் கேட்டால், எந்த மேசையில் என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான விடை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன்மேல் அரசின் பங்கும் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் காசினோ, குதிரைப் பந்தயம், இணையப் பண ஆட்டம் மூன்றுக்கும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி, காசினோவைப் பொறுத்தவரை டோக்கன் வாங்கக் கொடுக்கும் தொகையின் அடிப்படையில் வகுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. வரி விதிப்போர் திறமை, தற்செயல் என்ற பிரிவினையைப் பொருட்படுத்தவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த இணைய விளையாட்டுச் சட்டமும் அவ்வாறே: பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும், திறமையே ஆனாலும், தடை. மேசையில் நேருக்கு நேர் ஆடுவது மட்டும் பழையபடி மாநிலச் சட்டங்களின் கீழ் நிற்கிறது.

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, ஆணையுடன் சோதனையிட்ட இடத்தில் சீட்டுக்கட்டு கிடைத்தாலே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது சூதாட்ட விடுதி என்று கொள்ளப்படும். வீட்டுக்காரர் இலாபம் எடுத்தாரா என்பதை அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டியதில்லை. எடுக்கவில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். பழைய பம்பாய் மாகாணத்தின் கீழமை நீதிமன்றப் பதிவுகளைப் பார்ப்பவர்கள், தண்டனைத் தொகையைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், மேசையிலிருந்து ஒரு கைக்கு எவ்வளவு எடுக்கப்பட்டது என்று எந்தச் சாட்சியாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். கன்டோன்மென்ட் பகுதிக் குதிரைக்காரர்களும் சமையற்காரர்களும் ரயில்வே கூலிகளும், அவர்களுள் நம்மவர்களும், அந்தப் பதிவுகளில் வெறும் 'ஆடியவர்கள்' என்றே நிற்கிறார்கள்.