செருப்பு விட்ட வாசல்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வரும் வெளியூர்க்காரர்கள் பலரும் ஒரே கேள்வியோடு நிற்பதைப் பார்க்கலாம். செருப்பை எந்த வாசலில் விட்டோம்?

கோயில் அப்படி. ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர். தெற்கே ரெங்கா ரெங்கா கோபுரம் வழியாக நுழையலாம். கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாக வரலாம். வடக்கு வாசலில் இறங்கி முதலில் தாயாரைப் பார்த்துவிட்டு வரலாம். அப்புறம் ஆர்யபட்டாள் வாசல், நாழிகேட்டான் வாசல் என்று கூட்டம் தள்ளுகிற திசையில் போய்ச் சேவித்து, வேறொரு பக்கமாக வெளியே வந்தால் திசை குழம்பிப்போகும்.

அங்கே யாரிடமாவது "வெளியே எப்படிப் போறது?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "நேரா தெக்கே போங்க, ராஜகோபுரம் வந்துடும்." ஆனால் "செருப்பு விட்ட இடத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "எந்தப் பக்கமா வந்தீங்க?"

முதல் கேள்விக்கான விடை கோயிலின் அமைப்பில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை நடந்தவரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அமைப்பை வைத்துத் திரும்புவது ஒன்று, வந்த தடத்தை வைத்துத் திரும்புவது இன்னொன்று. ஆண்ட்ராய்டில் முதலாவதற்கு 'அப்' என்று பெயர், இரண்டாவதற்கு 'பேக்'. ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போவது சுலபம். திரும்புவதுதான் கஷ்டம். ஆண்ட்ராய்டு திரைகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு திரும்புதல்களுக்கு இடையே நடந்த இழுபறியின் வரலாறு.

*

கணினிக்குத் திரும்பும் பிரச்சினை பிறந்தபோதே வந்துவிட்டது. ஒரு நிரல் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு துணை நிரலைக் கூப்பிடுகிறது. அது முடிந்ததும் விட்ட இடத்துக்கு வர வேண்டும். விட்ட இடம் எது என்று யார் நினைவில் வைத்திருப்பது? 1946-ல் ஏஸ் என்ற கணினிக்காக ஆலன் டூரிங் முன்வைத்த அறிக்கையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. திரும்ப வேண்டிய இடத்தின் முகவரியைப் 'புதைத்து' வை, வேலை முடிந்ததும் 'தோண்டி' எடு. அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொற்களின் நேரடிப் பொருளே அதுதான். 1957-ல் ஜெர்மனியில் பவர், சாமெல்சன் என்ற இருவர் இதே யோசனைக்குக் காப்புரிமை கோரினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கெல்லர்', அதாவது நிலவறை. இன்று நாம் ஸ்டாக் என்கிறோம். கல்யாண வீட்டில் கழுவி அடுக்கிய தட்டு மாதிரி, கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும்.

இந்த அடுக்கு, மனிதர்கள் விரலால் தொடுகிற பொத்தானாக உள்ளங்கைக்கு வந்தது 2008-ல். முந்தைய வருஷம் வந்த ஐபோனின் முகப்பில் ஒரே ஒரு பொத்தான், ஹோம். பின்னால் போக வேண்டுமென்றால் அந்தந்த ஆப்தான் திரையின் மேல்மூலையில் ஓர் அம்புக்குறி வைக்க வேண்டும். 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1 வந்தபோது, அதில் பேக் என்று தனியாக ஒரு பொத்தானே இருந்தது. போன் முழுவதற்கும் பொதுவான பொத்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரு திரைக்கு ஆக்டிவிட்டி என்று பெயர். ஓர் ஆப், இன்னோர் ஆப்பின் ஆக்டிவிட்டியை நேரடியாக அழைக்கலாம். அந்த அழைப்புக்குப் பெயர் இன்டென்ட். வந்த செய்தியில் ஒரு முகவரி இருக்கிறது, தொட்டால் வரைபடம் திறக்கிறது, அங்கே கடையின் எண்ணைத் தொட்டால் டயலர் திறக்கிறது. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய ஆப்களாக இருக்கலாம். ஆனால் பேக் அழுத்தினால் டயலரிலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து செய்தி என்று வந்த வழியே வரும். திரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, பேக் மேலே இருப்பதை எடுத்துவிடுகிறது. இந்த அடுக்குதான் பேக் ஸ்டாக்.

எல்லோரும் தெற்கு வாசல் வழியாகவே நுழைந்து அங்கேயே செருப்பை விடும்வரை இந்த ஏற்பாட்டில் குழப்பமில்லை. நோட்டிபிகேஷன்கள் பெருகியதும் நிலைமை மாறியது. ஒரு நோட்டிபிகேஷனைத் தொட்டால் ஆப்பின் நான்காம் பிராகாரத்துக்குள் நேராக இறக்கிவிடுகிறது. நீங்கள் எந்த வாசலையும் தாண்டி வரவில்லை. இப்போது பேக் எங்கே போக வேண்டும்? தடத்தின்படி, முன்பு பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஆப்புக்கு. அமைப்பின்படி, இந்த ஆப்பின் மூன்றாம் பிராகாரத்துக்கு.

2011-ல் இதற்குக் கூகுள் சொன்ன தீர்வு, இரண்டையும் கொடுத்துவிடுவது. அந்த வருஷம் வந்த ஆண்ட்ராய்டு 4.0, கீழே பேக், மேலே இடது மூலையில் அப் என்று இரண்டு பொத்தான்களை எல்லா ஆப்களுக்கும் பொது விதியாக்கியது. ஒன்று தடம், ஒன்று அமைப்பு. தத்துவப்படி மிகச் சரி. நடைமுறையில் இரண்டுமே இடதுபக்கம் பார்க்கும் அம்புக்குறிகள்! சில நேரம் இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும், சில நேரம் போகாது. எப்போது போகாது என்று புரியவைக்கப் படம் போட்டு நீண்ட விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

அதே வருஷம் ஃபிராக்மென்ட் வந்தது. டேப்லட்டின் பெரிய திரையில் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைப்பதற்கான ஏற்பாடு. அதற்கும் தனியாக ஒரு பேக் ஸ்டாக். அடுக்குக்குள் அடுக்கு. இதன் சிக்கல்களை அலுத்துப்போய், 2014-ல் ஸ்கொயர் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஃபிராக்மென்ட்டே வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். 2018-ல் நேவிகேஷன் என்ற நூலகத்தைக் கூகுள் வெளியிட்டபோது பழைய சண்டைக்கு ஒரு சமாதானம் எழுதப்பட்டது: ஆப்புக்குள் இருக்கும்வரை அப்பும் பேக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அப் ஒருபோதும் ஆப்பை விட்டு வெளியேற்றாது. நேராக உள்ளே இறக்கிவிடப்பட்டவருக்கு, அவர் வாசல் வாசலாக நடந்து வந்திருந்தால் எந்த அடுக்கு உருவாகியிருக்குமோ அதையே ஆப் உருவாக்கித் தரும். நடக்காத நடையை நடந்ததாக எழுதிக்கொள்ளும். கேட்கப் பொய்க்கணக்கு மாதிரி இருந்தாலும் அதனால் நிறைய பேர் தொலையாமல் வீடு திரும்பினார்கள்.

*

வழி சரியாகிவிட்டது. ஆனால் திரும்பி வந்தவர் அதே ஆள்தானா, திரும்பி வந்த இடம் அதே இடம்தானா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தக் கேள்வி ஸ்ரீரங்கத்துக்குப் புதிதில்லை. ஏறக்குறைய 650 வருஷம் முன்பு அங்கே நிஜமாகவே எழுந்தது.

1311-ல் மாலிக் காபூரின் படை வந்துபோனது. 1323-ல் உலுக் கானின் படை வந்தது. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் டில்லியை ஆண்டவர் இவர்தான். கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் சொல்வதன்படி, கோயிலார் அன்று எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பள்ளிகொண்ட மூலவர் சுதையால் ஆனவர், பெரிய திருமேனி, நகர்த்த முடியாது. அவருக்கு முன்னால் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தள்ளாத வயதில் தெற்கே புறப்பட்டார். மதுரைக்குப் பக்கத்தில் ஜ்யோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. மற்றவர்கள் தொடர்ந்து போனார்கள். அழகர் கோயில், கோழிக்கோடு, கர்நாடகத்தில் மேல்கோட்டை, கடைசியில் திருமலை.

1371-ல் விஜயநகரத் தளபதியான கோபண்ணர் திருமலையிலிருந்து உற்சவரைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கத்தில் சேர்த்தார். இதைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. சக வருஷம் 1293 என்பதை எழுத்துகளுக்குள் எண்ணாக மறைத்து வைத்திருக்கிறது அது. தெற்கே போனவர் வடக்கிலிருந்து திரும்பினார். வந்த வழியே வரவில்லை. 48 வருஷத்தில் பழைய தடத்தைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? தடம் போனாலும் அமைப்பு இருந்தது. இவர் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறொன்றில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே வேறொரு உற்சவரை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். வந்திருப்பவர் பழையவர்தான் என்று எப்படி நம்புவது? பழையவரை நேரில் பார்த்தவர்கள் இல்லை. கண் தெரியாத ஒரு முதிய வண்ணார் மட்டும் இருந்தார் என்கிறது மரபு. ஈரங்கொல்லி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பெருமாளின் ஈர ஆடைகளை அந்தக் காலத்தில் துவைத்தவர். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையின் நீரை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வாசனையை அவர் மறந்திருக்கவில்லை. வந்தவரைக் காட்டி, இவரே நம்பெருமாள் என்றார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. இன்னொரு திருமேனியையும் அனுப்பிவிடவில்லை, திருவரங்கமாளிகையார் என்ற பெயரில் அவரும் அங்கேயே இருக்கிறார்.

இந்தக் கதையை வரலாறாக எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்பது வேறு விவாதம். கோபண்ணர் கல்வெட்டு ஒரு வகைச் சான்று, வண்ணார் கதை இன்னொரு வகை. எனக்கு முக்கியமாகப் படுவது, திரும்புதல் என்பது வாசலுக்குள் நுழைந்ததும் முடிந்துவிடுவதில்லை என்று அந்த ஊர் புரிந்துவைத்திருந்தது. யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்து அடையாளம் சொன்னால்தான் அது முடிகிறது.

*

ஆண்ட்ராய்டில் இந்த நினைவுக்கு ஸ்டேட் என்று பெயர். நீங்கள் ஓர் ஆப்பிலிருந்து வெளியே வந்தால் அது பின்னணியில் உயிரோடு இருக்கும் என்று நினைப்போம். நினைவகம் போதாவிட்டால் சிஸ்டம் அதைக் கொன்றுவிடும், உங்களிடம் சொல்லாது. திரும்பி வரும்போது புதிதாக ஒன்றை எழுப்பிப் பழைய இடத்தில் உட்காரவைக்கும். திரை அதேதான். ஆனால் அதில் நீங்கள் எழுதியது இருக்குமா என்பது அந்த ஆப்பை எழுதியவர் கையில்.

சாகும் முன் சிறு மூட்டை கட்டிக்கொள்ள சிஸ்டம் அனுமதிக்கிறது. மூட்டை சிறியது. அது போகும் குழாயின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 1 எம்பி, அதையும் மற்ற வேலைகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் எல்லாவற்றையும் கட்ட முடியாது. கனமான தரவைச் சேமிப்பகத்தில் விட்டுவிட்டு, அதை அடையாளம் காட்டும் எண், பாதி தட்டச்சு செய்த வரி, எவ்வளவு தூரம் உருட்டினோம் என்பது போன்றவற்றை மட்டும் எடுத்துப்போக வேண்டும். மூலவரைச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டு உற்சவரோடு கிளம்பியவர்கள் எடுத்த முடிவும் இந்த வகைதான். எது நகரும், எது நகராது, எது இருந்தால் மற்றதை மீட்கலாம்.

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? 2014 செப்டம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை இந்தியாவில்தான் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் போன்கள், நினைவகம் 1 ஜிபி. லட்சக்கணக்கானவர்களின் முதல் ஸ்மார்ட்போன் இந்த அளவில்தான் இருந்தது. அப்படி ஒரு போனில் ஒருவர் ஏதோ ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புகிறார் என்று வையுங்கள். பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, எல்லாம் ஒரு விரலால் தட்டி முடிக்க அரை மணி நேரம். கடைசியில் ஓடிபி கேட்கிறது. மெசேஜ் ஆப்புக்குப் போகிறார், எண்ணைப் படிக்கிறார், பேக். விண்ணப்பம் வெறுமையாக நிற்கிறது. அவ்ளோதான், எல்லாம் போச்சு. வழி சரி, வாசல் சரி, வந்தவரை உள்ளே யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதியவர் மேஜையில் இருப்பது 12 ஜிபி போன். அதில் எந்த ஆப்பும் அவ்வளவு சுலபத்தில் சாகாது, அதனால் இந்தத் தவறு அவர் கண்ணிலேயே படாது. பார்க்க நினைத்தால் வழி இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டுத் தன் ஆப்பில் பத்து நிமிஷம் நடந்து பார்த்தால், எங்கெங்கே மறதி இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

திரும்பி வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் ஸ்ரீரங்கம் வருஷாவருஷம் நடித்துக் காட்டுகிறது. பங்குனியில் நம்பெருமாள் காவேரியைத் தாண்டி உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு ஒருநாள் இருந்துவிட்டு வருகிறார். பங்குனி உத்திரத்தன்று தாயார் சன்னிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. ஊர் மொழியில் இதற்கு மட்டையடி என்று பெயர். தொலைந்த மோதிரத்தைத் தேடப் போனேன் என்று பெருமாள் பக்கத்திலிருந்து சாக்கு வாசிக்கப்படும், தாயார் பக்கம் ஏற்காது. நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்தபிறகே கதவு திறக்கும். எங்கே போய்விட்டு வந்தீர், என்ன கொண்டுவந்தீர் என்ற கேள்வியை ஆண்ட்ராய்டும் கேட்கிறது. கேமராவுக்குப் போன திரை திரும்பும்போது படத்தைக் கொண்டுவர வேண்டும், அதற்கு ரிசல்ட் என்று தனி ஏற்பாடே இருக்கிறது.

2019-ல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த சைகை முறையில் பேக் பொத்தானே மறைந்தது, ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் போதும். 2022-ல் ஆண்ட்ராய்டு 13, விரலை எடுப்பதற்கு முன்பே எங்கே போகப்போகிறோம் என்று எட்டிப்பார்க்க வைக்கும் வசதியைத் தொடங்கியது. 2025-ல் வந்த நேவிகேஷன் 3, பேக் ஸ்டாக்கை ஒரு சாதாரணப் பட்டியலாக்கி ஆப் எழுதுபவரிடமே கொடுத்துவிட்டது. எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது, எதை நினைவில் வைப்பது எல்லாம் இனி அவர் பாடு. இது சுதந்திரம் என்று என் நண்பர்கள் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் பட்டியலைக் கையில் வாங்கும்போது ஈரங்கொல்லியின் வேலையையும் சேர்த்தேதான் வாங்குகிறோம். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து வந்தாலும், நாற்பது விநாடி கழித்து வந்தாலும், வந்தவரை அடையாளம் சொல்ல உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்.