வில்லின் நீளமும் திரையின் அகலமும்: தாமிரபரணிக் கரையில் தொலைக்காட்சிச் சட்டகத்தின் மாற்றம்

நெல்லைச் சீமையின் வில்லிசை மேடை பக்கவாட்டில் விரிவது. மணிகள் கட்டிய நீண்ட வில்லின் முன் வீசுகோலுடன் புலவர் அமர்வார். வில்லை ஒட்டிக் குடம், இரு பக்கமும் உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டுக்காரர். இந்த வரிசை முழுவதையும் பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டகத்துக்குள் அடக்க வேண்டுமானால் கேமரா வெகுதூரம் பின்னால் போக வேண்டும். போனால் முகபாவம் மறையும். நெருங்கி வந்தால் வில்லின் இரு முனைகளும் குடக்காரரும் வெளியே நின்றுவிடுவார்கள். ‘ஆமா’ போடும் குரல் கேட்கும், போட்டவர் முகம் தெரியாது. குழுவாகப் பாடும் ஒரு கலை சின்னத்திரையில் தனியாள் கச்சேரிபோலத் தோன்றியதற்குச் சட்டகத்தின் வடிவமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோ இதற்கு நேர்மாறு. அது நிமிர்ந்து நிற்பது. 4:3 திரையில் சக்கரம் முதல் கலசம் வரை ஓரளவு அடங்கும். வடம் பிடிப்பவர்கள் சிலரே தெரிவார்கள். 16:9 அகலத்திரையில் ரத வீதியும் வடமும் மக்களும் விரிந்து கிடப்பார்கள். கலசத்தைக் காட்டத் தூரமாகவோ உயரமாகவோ போக வேண்டும். எந்த விகிதமும் நடுநிலையானதன்று. ஒவ்வொன்றும் ஒன்றைச் சேர்த்து மற்றொன்றை விலக்குகிறது.

அகலத்திரைக்கு மாறியதை நம் ஊடக வரலாறு பொதுவாகத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்ற ஒரு வரியில் கடந்துவிடுகிறது. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் இம்மாற்றத்தின் வேகத்தை நிர்ணயித்தவை நிலையங்களைவிட வீடுகளில் இருந்த பெட்டிகள்தாம். மாற்றத்துக்குப் பின் பழைய பதிவுகளைப் புதிய சட்டகத்துக்கு வெட்டியும் இழுத்தும் பொருத்துவது ஆவணச் சிதைவு.

4:3 என்பது ஊமைப்படக் காலத்துப் பிலிம் சட்டத்திலிருந்து தொலைக்காட்சிக்கு வந்த விகிதம். தமிழ்த் திரையின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சினிமா அகன்ற பிறகு நம்மிடம் வந்த சின்னத்திரை, பழைய சதுரத்தோடே வந்தது. 2.35:1 விகிதப் படத்தை 4:3 பெட்டியில் முழுதாகக் காட்டினால் திரையின் உயரத்தில் 57 விழுக்காடே பயன்படும். மற்றதெல்லாம் கறுப்புப் பட்டை. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் முன்வைத்த 16:9, இந்தப் பிணக்குக்கான சமரசம்: 4:3, 2.35:1 இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 1.77 வரும், 16:9உம் அதுவே.

திருநெல்வேலிக்கு வருவோம். 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும் தென்மாவட்டக் கடலோரத்தில் அதைப் பிடிக்க உயரமான ஆன்டெனாக்கள் எழுந்தன. பின்னர் கேபிள் வந்தது. 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தது. அவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள், விகிதம் 4:3. ஒரு நலத்திட்டம் ஒரு மாநிலத்தின் திரை வடிவத்தையே நிலைப்படுத்தியது என்ற கோணத்தில் இதை யாரும் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் கட்டுப்பாட்டறை 2008இல் அமைந்த நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று. 2011 செப்டம்பரில் அதே நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது, கல்லிடைக்குறிச்சியிலும் சேரன்மகாதேவியிலும் அந்த இணைப்பு போய்ச் சேர்ந்த பெட்டிகளில் பல இந்தப் பதினான்கு அங்குலம்தான்.

அப்பெட்டியில் 16:9 படத்தை முழுதாகக் காட்டினால் கணக்குப்படி 8.4 அங்குல உயரத்தில் 6.3 அங்குலமே படம். அடியில் ஓடும் செய்தி எழுத்தைத் திண்ணையில் இருந்து படிக்க முடியாது. நிலையங்கள் தயங்கியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1998இல் டிஜிட்டல் ஒளிபரப்பு அகலத்திரையில் தொடங்கியபோது, பழைய பெட்டிகளுக்கு 14:9 என்ற இடைவிகிதத்தில் படத்தை அனுப்பிப் படிப்படியாகப் பழக்கினார்கள். இங்கே அகலம் ‘ஹெச்.டி.’ என்ற பெயரில் தனி அலைவரிசையாக, தனி விலையில் வந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தூர்தர்ஷன் ஹெச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது, 2011 டிசம்பரில் சன் டிவியும் கே டிவியும் ஹெச்.டி. வடிவில் வந்தன. சாதாரண அலைவரிசைகள் பழைய சதுரத்தில் தொடர்ந்தன. ஆகவே நெடுங்காலம் ஒரே தொடரை, வசதியுள்ள வீடு அகலமாகவும் மற்ற வீடு நடுப்பகுதியை மட்டுமாகவும் பார்த்திருக்கின்றன. 2017இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியதும், எல்.இ.டி. பெட்டிகளின் விலை இறங்கியதும்தான் கிராமத்துச் சுவரில் அகலத்திரையை ஏற்றின.

அங்கிருந்து தலைகீழான சிக்கல் தொடங்குகிறது. 4:3 படத்தை அகலத்திரை முழுக்க இழுத்தால் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது: முகம் சப்பையாகிறது, குடம் அண்டாவாகிறது. மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் படத்தில் கால்பங்கு போகிறது. 576 வரிகளில் 144 வரிகள். வில்லிசைப் பதிவில் அந்தக் கால்பங்கு எது? கீழே வில்லும் வீசுகோலும், மேலே புலவரின் நெற்றித் திருநீறு. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லிசையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபரில் மறைந்தார். அவர் தலைமுறைக் கலைஞர்களின் தொலைக்காட்சிப் பதிவுகளில் பெரும்பகுதி பழைய விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அவர்களை இனி நேரில் பார்க்க வழியில்லை. பதிவே மேடை என்றான பின், அதை வெட்டும் உரிமை யாருக்கும் கிடையாது.

“காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் ரெண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் எப்படி?” என்பது நியாயமான கேள்வி. அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் ரிமோட்டில் ‘ஜூம்’ அழுத்தி வைத்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பார்ப்பவர் தம் வீட்டில் செய்யும் மாற்றத்தை ஒரு பொத்தானில் திருப்பிவிடலாம். நிலையம் வெட்டி அனுப்பியதை எந்த ரிமோட்டும் மீட்காது. அகன்ற திரை சினிமாஸ்கோப் படங்களுக்கும் இனி எடுக்கப்போகும் வில்லிசைக்கும் பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. குடக்காரர் இப்போதுதான் திரைக்குள் வருகிறார். அந்த வரத்துக்காகப் பழைய பதிவுகளைப் பலியிட வேண்டியதில்லை.

டிடி தமிழ் உள்ளிட்ட எல்லாத் தமிழ் அலைவரிசைகளும் 4:3இல் எடுத்ததை 4:3ஆகவே, இரு பக்கக் கறுப்புப் பட்டையோடு ஒளிபரப்ப வேண்டும். மூலநாடாக்களை டிஜிட்டலாக்கும்போது முழுச் சட்டகத்தையும் ஒரு வரிகூடக் குறையாமல் பதிந்து வைக்க வேண்டும். நாடாக்கள் நாளுக்கு நாள் நைந்துகொண்டிருக்கின்றன. இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.