'நிஷாந்த்' திரைப்படமும் தெலங்கானாவின் மொழிச்சூழலும்

ஷியாம் பெனகல் இயக்கிய 'நிஷாந்த்' (1975) 1945ஆம் ஆண்டுத் தெலங்கானாச் சிற்றூர் ஒன்றைக் களமாகக் கொண்ட இந்தித் திரைப்படம். ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியரின் மனைவி சுசீலாவை நிலக்கிழாரின் தம்பியர் ஊரறியத் தூக்கிச் செல்கின்றனர். காவல் நிலையம், வழக்கறிஞர், ஆட்சியர் என அலைந்தும் ஆசிரியருக்கு நீதி கிட்டவில்லை. பின்னர்க் கோயிலில் சந்திக்கும் மனைவியின் கடுஞ்சொல்லே அவரைப் பூசாரியுடன் சேர்ந்து ஊரைத் திரட்டத் தூண்டுகிறது. திருவிழா நாளில் கூட்டம் மாளிகையைத் தாக்குகிறது. அப்பழியில் குற்றமற்ற மருமகள் ருக்மிணி மாள்கிறாள். யாருக்காகப் பழி தொடங்கிற்றோ அந்தச் சுசீலாவும் தப்பவில்லை. 'இரவின் முடிவு' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட படத்தில் விடியல் காட்டப்படவே இல்லை.

திரைக்கதை மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கருடையது. உரையாடல் சத்யதேவ் துபே எழுதியது. தெலுங்கு பேசும் ஊர் இந்தியில் பேசுவது திரைப்பட மரபு என ஒதுக்கிவிடலாம். ஆயின் வரலாறு அவ்வாறு ஒதுக்க இடந்தரவில்லை. நிஜாம் ஆட்சியில் அலுவலக மொழி உருது. 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழியும் அதுவே. 1921இல் ஐதராபாத்தில் நடந்த மாநாடொன்றில் தெலுங்கில் பேச முற்பட்டவர் எள்ளி நகையாடப்பட்டதே ஆந்திர ஜன சங்கம் தோன்றக் காரணமாயிற்று. அம்மரபில் வந்த ஆந்திர மகாசபை பின்னர் உழவர் இயக்கமாக வளர்ந்தது. 1946 ஜூலை 4இல் கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டபின் மூண்ட ஆயுதப் போராட்டம் 1951 வரை நீடித்தது. மொழிக்குறையும் நிலக்குறையும் அங்கு ஒரே வேரின. வீட்டுமொழியையும் அலுவலக மொழியையும் ஒன்றாக்கிய திரைப்படத்தில் ஆட்சியர்முன் நிற்கும் ஆசிரியரின் இயலாமை புலப்படுகிறது. அவ்விரு மொழிகளுக்கிடையே இருந்த தொலைவு புலப்படவில்லை. படத்தின் பெருங்குறை இதுவே எனலாம்.

தமிழில் பெயர்ப்போர்க்கு இரு சொற்கள் கருதத்தக்கன. தெலங்கானா உழவரின் முதன்மைக் குறை கூலியற்ற கட்டாய உழைப்பாகிய 'வெட்டி'. இந்தியில் அதற்குரிய 'பேகார்' பாரசீகச் சொல். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' இதே பொருளில் பயில்கிறது. எனினும் இன்றைய வழக்கில் அது 'பயனற்றது' எனத் தேய்ந்துவிட்டமையால் அடைமொழியின்றிக் கையாள இயலாது. மற்றொன்று நிலக்கிழாரைக் குறிக்கும் 'அண்ணா'. தம்பியர்க்கு உறவுமுறையாகவும் ஊரார்க்கு அதிகாரப் பெயராகவும் நிற்கும் இச்சொல், இந்தி கேட்போர்க்கு வேற்றொலியாகத் தனித்து ஒலிக்கும். அச்சமும் அதில் ஏறும். தமிழ் கேட்போர்க்கோ அது வீட்டுச் சொல். அதனை மாற்றாமல் விட்டால் அச்சம் குன்றும். 'துரை' என மாற்றினால், தம்பியர் வாயில் அது பொருந்தாது.