மாயக் கதைகளும் மறுக்கப்பட்ட பிள்ளைகளும்

அமெரிக்க நாட்டுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினான். வளர்ந்து பெரியவனானதும் வீடுகளுக்கு வரைபடம் போட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஒரு நாள் தெருவில் வீடு கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற வெள்ளைக்காரப் பையனிடம் அந்த ஆசையைச் சொன்னான். கறுப்புப் பையன்கள் வீட்டுக்கு வரைபடம் போடுவதில்லையே என்று கூறி அவன் நகைத்தான். ஏன் போடுவதில்லை? இதுவே ஆசிரியரிடம் அச்சிறுவன் கேட்ட கேள்வி.

அக்கடிதம் 1920 சனவரித் திங்களில் நியூயார்க் நகரிலிருந்து வெளிவந்த 'தி பிரவுனீஸ் புக்' என்னும் சிறுவர் மாத இதழின் முதல் இதழில் அச்சாயிற்று. அந்நாட்டில் கறுப்பினப் பிள்ளைகளைக் கருதியே நடத்தப்பெற்ற இதழ்களுள் முன்னோடி இதுவே எனலாம். இதனைத் தொடங்கியவர் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். இலக்கியப் பொறுப்பினை ஏற்றவர் ஜெசி ஃபாசெட் என்னும் அம்மையார். வணிகப் பொறுப்பு அகஸ்டஸ் டில் என்பாருடையது. இதழின் விலை 15 சென்ட்.

இதழுக்கு வைத்த பெயரை நம் இளைஞர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'பிரவுனி' என்பது ஸ்காட்லாந்து நாட்டு மக்களின் கதைகளில் வரும் ஒரு குட்டித் தெய்வம். இரவில் யாரும் அறியாமல் வந்து வீட்டு வேலைகளைச் செய்து முடித்துவிட்டு, விடியுமுன் மறைந்துவிடும். 'பிரவுன்' என்றால் பழுப்பு நிறம். கண்ணுக்குத் தெரியாமல் பிறர் வீட்டு வேலையைச் செய்கிற பழுப்பு நிறத்தார் என்று இச்சொல்லை வேறு விதமாகவும் படிக்கலாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு அன்றிருந்த நிலையும் ஏறக்குறைய அதுவே. டு பாய்ஸ் அந்தப் பெயரைக் கைப்பற்றித் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிவிட்டார். நிறத்தைச் சொல்லி இழித்துரைக்கப்பட்ட பிள்ளைகள் அந்த நிறத்தின் பெயராலேயே மாய உலகத்து உறுப்பினர் ஆயினர்.

இந்த எண்ணம் அவருக்கு வந்த வழி வேதனையானது. டு பாய்ஸ் 1910 முதல் 'தி கிரைசிஸ்' என்ற இதழின் ஆசிரியர். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிட்டும் எரித்தும் கொன்ற கொடுமைகளை அவ்விதழ் ஒளிக்காமல் வெளியிட்டு வந்தது. ஆண்டுக்கொரு முறை அதிலேயே சிறுவர் சிறப்பிதழும் வரும். 1919 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பினத்தவர்க்கு எதிராகக் கலவரங்கள் மூண்ட ஆண்டு. அவ்வாண்டில் டு பாய்ஸ் ஒரு செய்தியை மனம் வருந்தி எழுதினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளையர் தன்னை வெறுக்கும் அளவுக்குத் தானும் அவர்களை வெறுப்பதாகத் தமக்கு எழுதியிருக்கிறாள் என்பதே அச்செய்தி. உண்மையை மறைக்கவும் கூடாது. அதைப் படிக்கும் குழந்தையின் நெஞ்சு வெறுப்பினால் கருகவும் கூடாது. இந்த இக்கட்டுக்கு அவர் கண்ட விடையே தனிச் சிறுவர் இதழ். கறுப்பாய் இருப்பது இயல்பானது, அழகானது என்று பிள்ளைகளை உணரச் செய்வதை அதன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தார்.

உலகச் செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பகுதிக்கு ஒரு காக்கை கதைசொல்லி ஆயிற்று. கரிய பறவை உயரப் பறந்து உலகைச் சுற்றிப் பார்த்து வந்து சொல்வதாக அமைந்த அப்பகுதியை டு பாய்ஸே எழுதினார். பிள்ளைகளின் கடிதங்களுக்கு ஒரு பகுதி. பெற்றோர்க்கு ஒரு பகுதி. கறுப்பினப் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளும் ஆப்பிரிக்க நாட்டுக் கதைகளும் விளையாட்டுகளும் இடம்பெற்றன. லாரா வீலர் முதலிய கறுப்பின ஓவியர்கள் படம் வரைந்தனர். இவற்றுக்கிடையே தேவதைக் கதைகளும் தவறாமல் வந்தன. 1921 சனவரி இதழில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முந்திய ஆண்டில்தான் முடித்திருந்த ஓர் இளைஞரின் சிறு கவிதைகள் வெளியாயின. ஒன்றின் தலைப்பே 'தேவதைகள்'. அந்த இளைஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அக்கவிஞருக்குப் பள்ளி இதழ்களுக்கு வெளியே முதலில் இடம் தந்தது இச்சிறுவர் இதழே. அவர் போராட்டக் கவிஞர் என்பதை அறிந்தோர் பலர். அவர் தேவதைகளிலிருந்து தொடங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே.

இதழ் நீடிக்கவில்லை. சந்தாதாரர் சில ஆயிரவரைத் தாண்டவில்லை. போருக்குப் பிந்திய பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1921 திசம்பருடன், 24 இதழ்களோடு நின்றது. அதன் பக்கங்களில் பஞ்சுக் காட்டுக் கூலியின் பிள்ளையைவிட நகரத்துப் படித்த குடும்பத்துப் பிள்ளையின் முகமே மிகுதியாகத் தெரிகிறது என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். முன்னேறிய சிலரைக் காட்டி மற்றவரை மறந்துவிடுவது எந்தச் சமுதாயத்துச் சங்கங்களுக்கும் எளிதில் நேர்ந்துவிடுகிறது.

டு பாய்ஸ் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். டாக்டர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியினைக் கேட்டு 1946 இல் அவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையிலும் மிகுந்த ஒற்றுமை இருப்பதை அதில் குறிப்பிட்டார். டு பாய்ஸும் அன்புடன் மறுமொழி எழுதினார்.

இதழ் நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் இருந்த நிலையைக் காண்போம். 1965 இல் நான்சி லாரிக் என்னும் அம்மையார் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களுள், எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பு முகமேனும் இருந்தவை 349 மட்டுமே. புத்தகத்தில் இருப்பவர்கள் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருப்பது ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடு அவர் தம் கட்டுரையைத் தொடங்கினார். 1985 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சிறுவர் நூல் மையம் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தார் படைத்தவை 18 என்று கண்டது.

அந்தச் சிலருள் தலையாயவர் வர்ஜீனியா ஹாமில்டன். ஓஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர்க்காரர். இவருடைய தாய்வழிப் பாட்டனார், கைக்குழந்தையாகத் தாயோடு அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். அக்கதையைத் தம் மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். தப்பி வந்த அம்மாநிலத்தின் பெயரே பேத்திக்கு இடப்பட்டது. சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் வழங்கும் நியூபெரி பதக்கத்தை 1975 இல் ஹாமில்டன் பெற்றார். 1922 இல் தொடங்கிய அப்பரிசு, கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

அவர் 1982 இல் எழுதிய 'ஸ்வீட் விஸ்பர்ஸ், பிரதர் ரஷ்' என்ற புதினத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ட்ரீ என்னும் பதினான்கு வயதுப் பெண். தாய் பிழைப்புக்காக வெளியே தங்கி வேலை பார்க்கிறாள். அறிவு வளர்ச்சி குன்றிய, நோயுற்ற அண்ணனை இவளே சமைத்துப் போட்டுக் காக்கிறாள். ஒரு நாள் தெருவோரத்தில், மிடுக்காக உடுத்திய அழகிய வாலிபன் ஒருவனைக் கண்டு மனத்தைப் பறிகொடுக்கிறாள். பிறகு அவன் வீட்டு அறையில், மேசையின் நடுவே, மரப்பலகையை ஊடுருவி நிற்கிறான். அப்போதுதான் அவன் உயிரோடு இருப்பவன் அல்லன் என்பது தெரிகிறது. அவன் இறந்துபோன அவளுடைய தாய்மாமன். அவன் கையிலுள்ள கண்ணாடி போன்ற ஒன்றின் வழியாக அவள் பழைய காலத்துக்குள் செல்கிறாள். தாய் அண்ணனைக் கொடுமைப்படுத்தியதை அங்கே காண்கிறாள். தாய்மாமன்மாரைக் கொன்ற பரம்பரை நோயே அண்ணனையும் அரிப்பதை அறிகிறாள்.

பேயின் மீது காதல் என்று தொடங்கும் கதை, வீட்டில் எவரும் வாய்திறவாத குடும்ப வரலாற்றில் போய் நிற்கிறது. வறுமையைப் பற்றிய பாடநூலாக இதனை எழுதியிருந்தால் எந்தச் சிறுமி படித்திருப்பாள்? பேய்க்கதை என்று கையிலெடுப்பவள் தன் வீட்டையே அதில் காண்கிறாள். நம் வீடுகளில் பிள்ளைகள் பேய்க்கதை படித்தால் கடிந்துகொண்டு தேர்வு நூலைக் கையில் திணிக்கிறோம். தேர்வு நூல் வேண்டாம் என்று எவரும் கூறமாட்டார். ஆயினும் துன்பத்தைப் படிக்கவும் முன்னேறவும் மட்டுமே நம் பிள்ளைகள் பிறந்தவர்கள் என்பதுபோல் நாமே நடந்துகொள்கிறோம் அல்லவா?

மாயக் கதையைப் பிறர் நம்மை வைத்து எழுதும்போது நேர்வது வேறு. 2005 இல் வெளிவந்து உலகெங்கும் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்ற 'ட்வைலைட்' என்ற காதற்கதை வரிசையில், இரத்தக் காட்டேரியான காதலன் வெள்ளைக்காரன்; ஓநாயாக உருமாறும் இளைஞர்கள் அமெரிக்கப் பழங்குடியினர். கற்பனைப் பழங்குடி அன்று, வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற ஊரில் வாழும் கிலியூட் மக்களையே பெயர் சொல்லி எழுதியிருந்தார் ஆசிரியர். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக்கப்பட்டனர் என்பது அம்மக்களின் தொன்மம். 1889 இல் அவர்கள் கூலி வேலைக்கு வெளியூர் சென்றிருந்தபோது, குடியேறி ஒருவன் அவர்களுடைய வீடுகளையெல்லாம் எரித்துவிட்டான்; தலைமுறைகளாகக் காத்த பொருள்கள் சாம்பலாயின. அந்த வரலாறு காதற்கதையில் இல்லை. கதை விற்றதால் கிடைத்த செல்வத்திலும் அவர்களுக்குப் பங்கில்லை. கடற்பேரலை அஞ்சிய அச்சிற்றூர், மேட்டு நிலத்துக்கு இடம்பெயர 2012 இல்தான் சட்டம் வழியாக நிலம் பெற்றது.

ஹாமில்டன் 1985 இல் தம் மக்களின் நாட்டுக் கதைகளைத் தொகுத்து 'தி பீப்பிள் குட் ஃப்ளை' என்று வெளியிட்டார். தலைப்புக் கதையில், கைக்குழந்தையோடு வயலில் சாட்டையடி பட்ட அடிமைப் பெண் ஒருத்தி, கிழவர் ஒருவர் ஓதிய பழைய மந்திரச் சொல்லால் வானில் எழுந்து பறந்து போகிறாள். பறக்கும் ஆற்றல் உள்ளோர் எல்லாரும் பறந்து விடுகின்றனர். ஆற்றல் இல்லாதோர் வயலிலேயே தங்குகின்றனர்; அவர்களே இக்கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தவர்கள்.

'பிரவுனீஸ் புக்' இதழ்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்துள்ளது. ஆங்கிலம் பயின்ற நம் இளைஞர்கள் முதலில் ஓர் இதழை மட்டும் எடுத்துத் தமிழாக்கம் செய்து, கழகத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். காக்கை உலகைச் சுற்றி வரும் பகுதியிலிருந்து தொடங்கினால் சிறுபிள்ளைகளும் கேட்பர்.