ஓரம் வெட்டாத புத்தகம்

அரிய நூல் என்றதும் நம்மவர் மனத்தில் ஓலைச்சுவடிதான் வந்து நிற்கும். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுவதால், ஓலைக்கு ஒரு மரியாதை தானாக ஏற்பட்டுவிட்டது. அச்சுப் புத்தகத்துக்கு அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. பல்கலைக்கழக நூலகங்களின் அரிய நூல் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சங்கதி வேறு மாதிரி இருக்கும். எண்ணெய் பூசி, பலகை வைத்துக் கட்டிய ஓலை இருநூறு முந்நூறு ஆண்டுகள் தாங்கும். 1900-ஐ ஒட்டி அச்சான புத்தகமோ புரட்டப் புரட்ட விரலிலேயே உதிரும்.

காரணம் தாளில் இருக்கிறது. பழைய தாள் கந்தல் துணியை ஊறவைத்து அடித்துச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் மலிவாக வந்தது. மை ஊறிப் பரவாமலிருக்க அதில் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காலப்போக்கில் அமிலமாகித் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. அதனால்தான் 1840-இல் அச்சான ஒரு புராணம் வெளுப்பு மாறாமல் இருக்க, 1915-இல் வந்த அதன் மறுபதிப்பு அப்பளமாக நொறுங்குகிறது. கரையானையும் இராமபாணப் பூச்சியையும் விரட்டிவிடலாம். தாளுக்குள்ளேயே இருக்கும் பகையை விரட்ட முடியாது. கால்சியம் கரைசலில் நனைத்து அமிலத்தை மட்டுப்படுத்தலாம், மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டி வலுவூட்டலாம். இரண்டுமே தாளின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும் வேலைதான்.

ஆனால் நான் பார்த்தவரையில் பூச்சி தின்றதைவிட அக்கறையால் அழிந்ததுதான் அதிகம். பழைய புத்தகம் பைண்டரிடம் போகிறது. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாதிருக்க அதில் மயில்துத்தம் கலக்கிறார். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் துத்தத்திலுள்ள செம்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும். அடுத்து மெல்லிய மேலட்டையைக் கழற்றிப் போடுகிறார், அது கந்தலாகிவிட்டதல்லவா? கடைசியில் மூன்று பக்கமும் கத்தி வைத்து ஓரத்தை வெட்டிச் சமன் செய்கிறார். காலிகோ முதுகும் பொன்னெழுத்துமாகப் புத்தகம் புதுமாப்பிள்ளை போலத் திரும்பி வருகிறது. யாரோ ஒரு புலவர் ஓரத்தில் குறித்திருந்த பாடபேதம் பைண்டர் கடைக் குப்பையில் கிடக்கும். செல்லோடேப் ஒட்டுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மலர் போதாது.

கழற்றி எறிந்த அட்டையில் என்ன இருந்தது? விலை எத்தனை அணா, எந்தக் கடையில் கிடைக்கும், அதே அச்சுக்கூடத்தில் வேறு என்னென்ன நூல்கள் விற்பனைக்கு இருந்தன என்ற விளம்பரம். இன்று ஒரு படிகூடக் கிடைக்காத பல சிறு நூல்கள் ஒரு காலத்தில் இருந்தன என்பதற்கு அந்தப் பின்னட்டை விளம்பரம் ஒன்றே சாட்சி. ஆண்டு விவரமும் பெரும்பாலும் அட்டையோடு போய்விடும். மிஞ்சுவது முகப்புப் பக்கத்தில் உள்ள 'ஜய வருஷம்' என்ற ஒரு சொல். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஜய 1834-இலும் வரும், 1894-இலும் வரும். எழுத்துருவையும் தாளையும் பார்த்து 1894 என்று முடிவு செய்தாலும், தை மாதம் என்று குறிப்பிருந்தால் ஆங்கில ஆண்டு 1895 ஆகிவிடும். ஒரே பதிப்பு இரண்டு நூலடைவுகளில் இரண்டு ஆண்டுகளோடு நிற்பதும், இரண்டு பதிப்புகள் இருந்ததாக ஆய்வாளர் கட்டுரை எழுதுவதும் இப்படித்தான் நடக்கின்றன.

திருவண்ணாமலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். இவ்வூரின் பெரும்புலவர் அருணகிரிநாதருடைய திருப்புகழ் அச்சேறிய வரலாறு நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 1871-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்கு ஆதாரமாகத் தாக்கல் செய்த ஆவணங்களில் ஒரு திருப்புகழ்ப் பாட்டும் இருந்தது. அதைப் படித்தவருக்கு அந்தச் சந்தம் விடவில்லை. பின்னாளில் மாவட்ட முன்சீபாக உயர்ந்த அவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏடு தேடிச் சேர்த்தார். முதற்பாகம் 1894-இலும் இரண்டாம் பாகம் 1901-இலும் வெளிவந்தன. அருணகிரியார் பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கைக்கு வந்தவை ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல். அவற்றில் எழுபதுக்கு மேற்பட்டவை அண்ணாமலைக்கு உரியவை.

அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை பிற்காலத்தில் முழுவதையும் செப்பம் செய்து உரையோடு பதிப்பித்தார். ஒப்பற்ற பதிப்பு, மறுப்பதற்கில்லை. அது அலமாரிக்கு வந்தபின், இடநெருக்கடியில் தவிக்கும் ஒரு நூலகம் தந்தையின் பழம்பதிப்பைக் கழித்துவிட நினைப்பது இயல்பு. பாட்டு எல்லாம்தான் புதியதில் இருக்கிறதே! ஆனால் எந்தப் பாட்டு முதல் தேடலில் கிடைத்தது, எது ஏழாண்டு கழித்து வந்தது, எந்தச் சொல் ஏட்டில் இருந்தது, எது பதிப்பாளர் திருத்தம் என்பதெல்லாம் அந்தப் பழைய இரண்டு பாகங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மறுபதிப்பு முன்பதிப்பை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கைதான் நம் நூலகங்களில் நான் கண்ட மிகப் பெரிய இராமபாணம்.

இன்னும் சின்னப் புத்தகம் ஒன்று. உலகெங்கும் இவ்வூரின் பெயரைக் கொண்டுபோன 'நான் யார்?' சட்டைப்பையில் அடங்கும் அளவுதான். 1902-ஐ ஒட்டி, தென்னார்க்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த ம.சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்குகையில் இருந்த இளம் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் தாளிலும் எழுதிக் காட்டினார். பிள்ளை எழுதி வைத்துக்கொண்டது நூலானது 1923-இல். மணலில் எழுதியதற்கும் அச்சுக்கும் இடையே இருபது ஆண்டு! பிறகு பதிப்புக்குப் பதிப்பு வினாக்களின் எண்ணிக்கை மாறி, இன்று பரவலாகக் காண்பது 28. ரமணரே வினாக்களை நீக்கி அதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்த வடிவமும் உண்டு. முதல் விடையில் 'உடல் நானல்ல, பொறிகள் நானல்ல' என்ற போக்கில் நீளும் விலக்குப் பட்டியல் பிள்ளை தம் படிப்பிலிருந்து சேர்த்தது என்று அடியார் வட்டத்திலேயே சொல்வார்கள். ஆக, 'நான் யார்?' ஒரு படி இருக்கிறது என்று நூலகர் திருப்தியடைவதில் அர்த்தமில்லை. எந்த ஆண்டின் படி என்பதே கேள்வி. அச்சிட்ட விலையோ ஓரிரு அணா. அத்தகைய நூலை எந்தப் பெரிய நூலகமும் பைண்ட் செய்து பாதுகாத்ததில்லை, துண்டுப் பிரசுரம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ரமணர் புத்தக வேலை தெரிந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆசிரம வெளியீடுகளுக்கு மெய்ப்புத் திருத்தினார், கிழிந்த நூல்களைத் தம் கையாலேயே தைத்து பைண்ட் செய்தார். ஒருபுறம் வெற்றாக வந்த தாளைக்கூட எறியவிடாமல் நோட்டாகத் தைத்துக்கொள்வார். பைண்டிங் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கத்தியை எடுக்கக் கொஞ்சம் தயங்குகிறார்கள்.

சிவப்பிரகாசம் பிள்ளை ஏன் தென்னார்க்காட்டு அலுவலர் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. திருவண்ணாமலை வட்டம் அப்போது தென்னார்க்காட்டில்தான் இருந்தது. 1911-இல் வடார்க்காட்டுக்கு மாறியது, 1989-இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. எனவே இவ்வூரைப் பற்றி கெசட்டியர் ஆசிரியர் பிரான்சிஸ் எழுதிய விவரத்தை 1906-இல் வந்த தென்னார்க்காடு கெசட்டியரில் தேடவேண்டும். வடார்க்காட்டுத் தொகுதியை மட்டும் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று போனவர்கள் பலர். ஊர்ப் பெயரும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். எல்லப்ப நாவலரின் அருணைக் கலம்பகம், துறைமங்கலம் சிவப்பிரகாசரின் சோணசைல மாலை இரண்டும் ஒரே மலையைப் பாடினாலும் அகரவரிசையில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. ஆங்கில நூலடைவுகளில் 'டிரினோமலி'யையும் தேடவேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தலைப்பின்கீழ் கட்டிப்போடுவது அரிய நூல் பிரிவின் அன்றாட வேலை. யார் கண்ணிலும் படாது.

துண்டுப் பிரசுரத்தையும் பொக்கிஷமாக மதித்த ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார் 1950 முதல் புத்தகம் சேர்த்தார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், குஜிலிக் கடைச் சிந்து எல்லாம். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை விலைக்கு வாங்கியும், கப்பலேற்றாமல் சென்னையில் வைத்தது. நுண்படச் சுருளெடுக்கப்பட்டு, 1996-இல் அது ஆய்வு நூலகமாகத் திறக்கப்பட்டது. நம் பல்கலைக்கழகங்கள் 'குப்பை' என்று கைவிட்டதைக் கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்று காசு கொடுத்து வாங்கியதில் நமக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயன் நமக்குத்தான்.

நூல்கள் பயன்படுவதற்கே என்பதை நூலக இயலின் முதல் விதியாக 1931-இல் வகுத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன். பூட்டி வைப்பதே தொழிலான அரிய நூல் பிரிவுக்கு இந்த விதி எப்போதும் ஒரு நெருடல். ஸ்கேன் வந்தபின் நெருடல் குறைந்திருக்கிறது. 2017-இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் தொடங்கியதிலிருந்து வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஒரு குறை மட்டும் உண்டு. அவசரத்தில் படம் எடுப்பவர்கள் பல இடங்களில் பின்னட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். முதல் சொந்தக்காரரின் கையெழுத்து பெரும்பாலும் அந்த வெற்றுப் பக்கத்தில்தான் இருக்கும்.

இம்மலரைப் படிப்போர் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பெட்டி இருந்தால், ஒரு வேண்டுகோள். பழைய தீபவிழா வழிநடைச்சிந்தோ 'நான் யார்?' படியோ கிடைத்தால், நூலகத்துக்குக் கொடுக்குமுன் பைண்ட் செய்யவேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். பெட்டியில் இருந்த வரிசையையும் கலைக்காதீர்கள். எது எதனோடு கிடந்தது என்பதிலிருந்துதான் யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று எங்களால் ஊகிக்க முடிகிறது. வாங்கியவர் பெயர் தெரிந்தால் தனித்தாளில், பென்சிலில் எழுதிக் கூடவே கொடுங்கள். ஒரு படி ஏற்கெனவே இருக்கிறது என்று நூலகர் திருப்பி அனுப்பினால், முகப்புப் பக்கத்தை அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.